சலீனாஸ் ஊரில் ஏறாத நெற்றி: ஆண் ஹார்மோனும் முடியும், ஒரு நிகழ்வு ஆய்வு

டொமினிக்கன் குடியரசின் தென்மேற்கே, பரஹோனா மாகாணத்தில் சலீனாஸ் என்று ஓர் ஒதுக்குப்புறமான கிராமம். அந்த ஊரில் சில வீடுகளில் பெண் குழந்தை என்று பெயர் வைத்து, பாவாடை கட்டி வளர்த்த பிள்ளை பன்னிரண்டு வயதை ஒட்டி மாறத் தொடங்கும். குரல் உடையும், தோள் அகலும், மார்பு வளராது. அதுவரை கண்ணில் படாமல் இருந்த விதைகள் கீழிறங்கும், குறி வளரும். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை ஆணுடை அணிந்து பையன்களோடு வயலுக்குப் போகும்.

ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. வைத்தியர்கள் வருமுன்பே இதற்குப் பேர் வைத்திருந்தார்கள்: கெவெதோசேஸ். பன்னிரண்டில் விதை என்று அந்தக் கொச்சைச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறார்கள். கேலியும் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு பிள்ளை பிறந்ததும் இது அப்படிப்பட்டதோ என்று யோசித்துப் பார்க்கும் அளவுக்கு ஊர் இதற்குப் பழகியிருந்தது.

நியூயார்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற ஹார்மோன் மருத்துவர், டொமினிக்கன் மருத்துவர்களோடு சேர்ந்து இந்தக் குடும்பங்களை ஆராய்ந்தார். 1974 டிசம்பரில் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. 24 பேரைப் பற்றிய கட்டுரை அது. அதே ஆண்டு அமெரிக்காவின் டல்லஸ் நகரிலும் ஒரு குழு இதே கோளாறை ஒரு குடும்பத்தில் கண்டு தனியாக எழுதியிருந்தது.

சயன்ஸ் கட்டுரை பிறப்புறுப்பு எப்படி உருவாகிறது என்பதற்காகப் பேர் பெற்றது. 1979-இல் இதே குழு எழுதிய அடுத்த கட்டுரை பாலடையாளம் பற்றிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. சந்தேகமே இல்லாமல் பெண்ணாக வளர்க்கப்பட்ட 18 பேரில் 17 பேர் பருவ வயதிலோ அதற்குப் பிறகோ தங்களை ஆணாக உணர்ந்தார்கள் என்று அதில் இருந்தது. அந்த விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. என் கவலை எல்லாம் தலைமுடி. வளர்ந்து ஆளான இந்த ஆண்களிடம் மருத்துவர்கள் இன்னும் சில விஷயங்களையும் குறித்துவைத்தார்கள்: தாடி அடர்த்தியில்லை, உடம்பில் முடி கம்மி, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பி விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சின்னது, நெற்றியின் இரு ஓரமும் ஏறவில்லை. ஒருவருக்கும் வழுக்கை இல்லை.

வழுக்கை விழுந்தவரைத் தேற்ற நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ‘ஆம்பளைத்தனம் ஜாஸ்தி இருக்கிறவனுக்குத்தான்யா முடி கொட்டும்’ என்பார்கள். சொல்பவர் தலையும் பெரும்பாலும் பளபளவென்றே இருக்கும். சலீனாஸ் ஆண்களை வைத்து இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கலாம். அவர்கள் ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கம்மியில்லை. சராசரி ஆணுக்கு உள்ள அளவின் மேல்வரம்பை ஒட்டியே இருந்தது. குரல் கட்டை, உடம்பு முறுக்கு. அப்படியானால் முடி கொட்டியிருக்க வேண்டுமே?

அதுவரை தெரிந்தது

ஆண்மைக்கும் வழுக்கைக்கும் தொடர்பு உண்டு என்பது பழைய செய்தி. காயடிக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழாது என்று ஹிப்போகிரேட்டஸ் பெயரில் வழங்கும் சூத்திரங்களில் இருக்கிறது. அரிஸ்டாட்டிலும் அதையே எழுதினார். இருவரும் கிரேக்கர்கள், இருவரும் பார்த்ததை எழுதினார்கள். காரணம் தெரியாது.

காரணத்தை நெருங்கியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர். 1942-இல் வெளியான அவருடைய ஆய்வில், ஏதோ ஒரு காரணத்தால் விதைகள் வேலை செய்யாதவர்களையும் விதைகளை இழந்தவர்களையும் பார்த்தார். பருவத்துக்கு முன்பே விதை இழந்தவர்களுக்கு வழுக்கை இல்லை. தாடியும் இல்லை. அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. குடும்பத்தில் வழுக்கை இல்லாதவர்களுக்கு அதே ஊசி போட்டும் நெற்றி ஏறவில்லை. ஊசியை நிறுத்தினால் கொட்டுவது நின்றது, ஆனால் போன முடி திரும்பவில்லை.

இந்த ஒரே ஆய்வில் மூன்று செய்தி இருக்கிறது. ஹார்மோன் இல்லாமல் ஆண்களுக்கு வழக்கமாக வரும் வழுக்கை இல்லை. ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் வேண்டும். வயதும் ஓட வேண்டும். இன்று சலூன் கண்ணாடியிலிருந்து தோல் மருத்துவர் அறை வரை எங்கும் பேசப்படும் வழுக்கைப் படிநிலைகளை 1951-இல் முதலில் வகுத்தவரும் ஹாமில்டன்தான். நார்வுட் என்பவர் 1975-இல் அதைத் திருத்தி ஏழு படியாக்கினார்.

ஆக, சலீனாஸுக்கு முன் நிலவரம் இது: டெஸ்டோஸ்டிரோன் குற்றவாளி. சலீனாஸில் அந்தக் குற்றவாளி தாராளமாக நடமாடிக்கொண்டிருந்தான், குற்றம் மட்டும் நடக்கவில்லை.

சட்டியும் அகப்பையும்

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்போம். சலீனாஸில் சட்டி நிறைய இருந்தது, அகப்பைதான் இல்லை.

அந்த அகப்பை ஒரு நொதி. 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்று பெயர். டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றித் தருவது இதன் வேலை. பெயர் நீளம், டி.எச்.டி. என்றே சொல்லிக்கொள்வோம். இரண்டும் செல்லுக்குள் ஒரே ஏற்பியில்தான், அதாவது ஹார்மோனின் செய்தியை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான், போய் உட்காருகின்றன. டி.எச்.டி. இறுக்கமாக உட்காரும், எழுந்துபோக நேரமெடுக்கும். அதனால் அதே செய்தியை அது பல மடங்கு உரக்கச் சொல்கிறது.

சலீனாஸ் பிள்ளைகளிடம் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தபோது டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது, அதிலிருந்து டி.எச்.டி. உண்டாவது மட்டும் மிகக் குறைவு என்று தெரிந்தது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்தக் கோளாறு வரும். ஊர் சின்னது, சொந்தத்துக்குள் கல்யாணம், எனவே பழுது சந்தித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பின்னாளில் இந்த நொதியில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்தது. சலீனாஸில் பழுதானது இரண்டாம் வகை. பப்புவா நியூ கினியின் மலைவாசிகளிடமும் துருக்கியிலும் இதே கோளாறு உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே மரபணுவில் பழுதான இடம் வேறு.

கருவில் ஆண் குழந்தையின் வெளி உறுப்பு உருவாக டி.எச்.டி. வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும் வேலை அது. டி.எச்.டி. இல்லாததால் பிறப்பில் பெண் போலத் தோற்றம். பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் வெள்ளமாகப் பாயும்போது குரலுக்கும் தசைக்கும் அதுவே போதும். தாடிக்குப் போதவில்லை. புரோஸ்டேட்டுக்குப் போதவில்லை. வழுக்கைக்கும் போதவில்லை.

இந்த மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்பதுதான் இந்த நிகழ்வின் உயிர். தாடி முளைப்பதும் தலைமுடி போவதும் எதிரெதிர் காரியங்களாகத் தோன்றும். இரண்டையும் செய்வது ஒரே பொருள் என்று இயற்கையே செய்துகாட்டிய சோதனை சலீனாஸ். எந்த ஆய்வுக்கூடமும் மனிதர்மேல் இப்படி ஒரு சோதனை செய்திருக்க முடியாது, செய்யவும் கூடாது.

ஒரே தூது, வேறு வேறு பதில்

முடி எப்போதும் வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. தலையில் ஒரு மயிர்க்கால் இரண்டு முதல் ஆறு ஆண்டு வளரும், இரண்டு மூன்று வாரம் சுருங்கும், மூன்று மாதம் போல ஓய்வெடுக்கும், பழைய முடியை உதிர்த்துவிட்டு மறுபடி தொடங்கும். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருப்பதால் நாளைக்கு 50 முதல் 100 உதிர்வது இயல்பு. சீப்பில் வந்ததை எண்ணிக் கலங்குபவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

மயிர்க்காலின் அடியில் மொட்டுப் போல ஒரு திசுக்கட்டி உண்டு. ஹார்மோனின் சொல்லைக் கேட்பது இந்த மொட்டு. கேட்டுவிட்டு, சுற்றியுள்ள செல்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வேதிப்பொருள்கள் வழியே கட்டளை அனுப்புகிறது. தாடியின் மொட்டை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்து ஆண் ஹார்மோன் கொடுத்தால் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. வழுக்கை விழும் உச்சந்தலையின் மொட்டோ வளர்ச்சியை அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேலரி ராண்டல் பல ஆண்டுகள் இந்த முரணைத்தான் துருவிக்கொண்டிருந்தார்.

அடக்கும் கட்டளை வந்தால் முடி ஒரே நாளில் போய்விடாது. வளரும் காலம் ஒவ்வொரு சுற்றிலும் குறையும். ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது மாதக்கணக்காகும். மயிர்க்கால் சுருங்கும், தடித்த முடிக்குப் பதில் மெல்லிய, நிறமில்லாத பூனைமுடி வரும். வழுக்கைத் தலையை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்தப் பூனைமுடி தெரியும். தாடியில் நடப்பது இதே படத்தைத் தலைகீழாக ஓட்டினாற்போல: பூனைமுடி தடித்து, கறுத்து, நீண்டு மீசை அரும்புகிறது.

உடம்பில் ஒவ்வோர் இடத்து முடிக்கும் ஒரு சுபாவம். கண்ணிமைக்கு ஆண் ஹார்மோன் பொருட்டே இல்லை. அக்குளிலும் அடிவயிற்றின் கீழும் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோனே போதும், பெண்களுக்கும் அங்கே முடி வருவது அதனால்தான். சலீனாஸ் ஆண்களுக்கும் அங்கெல்லாம் முடி வந்தது. தாடி, நெஞ்சு, காது மடல் ஆகியவற்றுக்கு டி.எச்.டி. வேண்டும். நெற்றி ஓரமும் உச்சியும் பரம்பரை விதித்திருந்தால் டி.எச்.டி. கண்டு சுருங்கும். காதுக்கு மேலும் பிடரியிலும் உள்ள முடி எதற்கும் அசையாது. எவ்வளவு பெரிய வழுக்கையிலும் பின்பக்கம் அந்த லாடம் மிஞ்சி நிற்கிறதே, அது இதனால்தான். நார்மன் ஓரன்ட்ரைக் என்ற நியூயார்க் தோல் மருத்துவர் 1959-இல் எழுதிய கட்டுரை இதை அழகாகக் காட்டியது. பிடரித் தோலைத் துண்டாக எடுத்து உச்சியில் நட்டால் அந்த முடி உச்சியிலும் பிடரி போலவே நடந்துகொள்கிறது, கொட்டுவதில்லை. குடிபெயர்ந்தாலும் குணம் மாறாத ஆள் மாதிரி. முடி நடும் தொழில் முழுக்க இந்த ஒரு கவனிப்பின் மேல்தான் நிற்கிறது.

ஹார்மோன் ஏறி இறங்கினால் தாடி எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று. 1970-இல் நேச்சர் இதழில் பெயர் போடாத ஒரு கட்டுரை வந்தது. ஆய்வுப் பணிக்காக ஆளில்லாத் தீவு மாதிரி ஓரிடத்தில் வாரக்கணக்கில் தனியாக இருந்த ஓர் ஆள், தினமும் மின்சார ரேசரில் சேரும் தாடித் தூளை எடைபோட்டிருக்கிறார். தனிமையில் எடை குறைந்தது. ஊர் திரும்பித் துணையைச் சந்திக்கப் போகிற சமயத்தில் கூடியது. ஒரே ஆள் தன்னையே பார்த்த கணக்கு, அதிகம் நம்பத் தேவையில்லை. பெயர் போடாததன் காரணம் மட்டும் நன்றாகப் புரிகிறது.

கிராமத்திலிருந்து மாத்திரைக்கு

1970-களின் நடுவில் அமெரிக்காவின் மெர்க் மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றவர் ராய் வஜெலோஸ். சலீனாஸ் பற்றிய செய்தி அவர் காதுக்கு எட்டியபோது அவரைப் பிடித்து நிறுத்தியது வழுக்கை இல்லை, புரோஸ்டேட். வயதான ஆண்களுக்கு அது வீங்கிச் சிறுநீரை அடைக்கும். பிறவியிலேயே டி.எச்.டி. குறைந்தவர்களுக்குப் புரோஸ்டேட் சின்னதாகவே இருக்கிறது, மற்றபடி ஆரோக்கியமாக வாழ்கிறார்கள் என்றால், அந்த நொதியை மருந்தால் முடக்கினால் என்ன?

அப்படி உருவானது ஃபினாஸ்டெரைடு. 1992-இல் 5 மில்லிகிராம் மாத்திரை புரோஸ்டேட் வீக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1997 டிசம்பரில் 1 மில்லிகிராம் மாத்திரை ஆண்களின் வழுக்கைக்கு வந்தது. மரபணுப் பழுது செய்ததை மாத்திரை ஓரளவுக்குச் செய்கிறது என்று சொல்லலாம். ரத்தத்தில் டி.எச்.டி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைகிறது.

18 முதல் 41 வயது வரையுள்ள 1,553 ஆண்களிடம் இரண்டாண்டு பார்த்தார்கள். உச்சியில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தில் தொடக்கத்தில் சராசரி 876 முடி. இரண்டாண்டு முடிவில், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களுக்கு அதே வட்டத்தில் 138 முடி அதிகம். வெறும் மாத்திரைக்காரர்களில் 72 சதவீதம் பேருக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது, மருந்துக்காரர்களில் 17 சதவீதம். இளமைத் தலை திரும்பும் என்று விளம்பரக்காரர் சொல்வதற்கும் இந்த எண்களுக்கும் தூரம் அதிகம். இது பெரும்பாலும் இருப்பதைக் காக்கிற மருந்து. நிறுத்தினால் ஓராண்டுக்குள் பழைய பாதைக்கே தலை திரும்பிவிடும்.

பக்கவிளைவு பற்றி எழுதாமல் விட்டால் நியாயமில்லை. அதே சோதனைகளில் பாலுறவுத் தொடர்பான தொந்தரவு மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் வந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் இது தொடர்வதாகச் சிலர் சொன்னதால் 2012-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெட்டிக் குறிப்பில் அதைச் சேர்க்க வைத்தது. 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டெரைடு மாத்திரையின் பக்கவிளைவு என்று உறுதி செய்தது. சலீனாஸ் ஆண்கள் நன்றாகத்தானே இருந்தார்கள் என்று இங்கே வாதிடுவது செல்லாது. கருவிலிருந்தே டி.எச்.டி. இல்லாமல் பழகிய உடம்பு வேறு, இருபத்தைந்து வயதில் திடீரென்று அதை இழக்கும் உடம்பு வேறு.

இன்னொன்றும் மருத்துவரிடம் சொல்லிவைக்க வேண்டும். புரோஸ்டேட் புற்றுநோயைத் தேட எடுக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையின் அளவை இந்த மருந்து ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். முடிக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தால் அறிக்கை பொய் சொல்லும். விளையாட்டு வீரர்களும் மாட்டியிருக்கிறார்கள். ஊக்கமருந்தை மறைக்கும் என்று 2005 முதல் சில ஆண்டுகள் இது தடைப்பட்டியலில் இருந்தது. பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோ 2007-இல் சிக்கியது இதில்தான். முடிக்குச் சாப்பிட்டேன் என்றார்.

இந்த நிகழ்வு எவ்வளவு தூரம் தாங்கும்

முதலில் ரத்தப் பரிசோதனை. முடி கொட்டுகிறது என்று டெஸ்டோஸ்டிரோன் பார்க்க ஓடும் இளைஞர்கள் அநேகம். வழுக்கை விழும் ஆணின் ரத்தத்தில் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். பணம் செலவாகும், காகிதம் மிஞ்சும். சங்கதி நடப்பது ரத்தத்தில் இல்லை, மயிர்க்காலுக்குள். அங்கே நொதி எவ்வளவு, ஏற்பி எவ்வளவு, மொட்டு என்ன பதில் சொல்கிறது என்பதைத்தான் பரம்பரை தீர்மானிக்கிறது. ஆம்பளைத்தனம் ஜாஸ்தி என்ற ஆறுதல் இந்த இடத்தில் கவிழ்கிறது. பக்கத்து வீட்டு அடர்த்தி முடிக்காரருக்கும் அதே அளவு ஹார்மோன்தான் ஓடுகிறது.

பரம்பரை என்றதும் தாய்மாமன் தலையைப் பார்க்கச் சொல்வார்கள். அதில் காரணம் இல்லாமல் இல்லை. ஆண் ஹார்மோன் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும். ஆனால் வழுக்கையோடு தொடர்புடைய மரபணு இடங்கள் வேறு பலவும் உண்டு, அவை அப்பாவிடமிருந்தும் வரும். மாமனை மட்டும் பழி சொல்வது அநியாயம்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கதை சீக்கிரம் தடுமாறும். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு முகத்தில் முடியும் உச்சியில் மெலிவும் சேர்ந்து வரும்போது ஆண் ஹார்மோனைச் சந்தேகிக்கலாம். ஆனால் உச்சி வகிடு அகன்றுபோகும் பெண்களில் பலருக்கு ஹார்மோன் அளவு இயல்பாகவே இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடு கொடுத்துப் பார்த்த சோதனையில் பலன் இல்லை. பிரசவத்துக்குப் பிறகும் டைபாய்டு போன்ற காய்ச்சலுக்குப் பிறகும் இரும்புச்சத்துக் குறைவிலும் கொட்டுவது முற்றிலும் வேறு கணக்கு. சலீனாஸ் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சலீனாஸில் பார்த்தது சில டஜன் ஆட்களை என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் குடும்பங்களில் வழுக்கையே குறைவோ என்று ஒருவர் கேட்டால், அந்த ஊரை மட்டும் வைத்துப் பதில் சொல்வது கடினம். மாத்திரைச் சோதனை வந்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது: வழுக்கை ஓடும் வம்சத்து ஆண்களிடமே அதே நொதியை முடக்கி, வழுக்கை தாமதப்படுவதைக் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனால் முழுக்க நிற்கவில்லை. முதல் வகை நொதி மிஞ்சி இருப்பது ஒரு காரணம். இரண்டு வகையையும் முடக்கும் டூடாஸ்டெரைடு டி.எச்.டி.யை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. தென்கொரியாவும் ஜப்பானும் அதை முடிக்கு அனுமதித்திருக்கின்றன. அதிலும் எல்லாருக்கும் முடி திரும்பிவிடவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் சுருங்கிய மயிர்க்கால் ஹார்மோன் விலகினாலும் எழுந்து வருவதில்லை என்பதை ஹாமில்டன் 1942-இலேயே பார்த்துவிட்டார்.

ஃபினாஸ்டெரைடு பெட்டியில் ஓர் எச்சரிக்கை இருக்கும். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களும் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக்கூடாது என்று. பலர் அதைப் படித்துவிட்டு, தலைமுடி மாத்திரைக்கு ஏன் இவ்வளவு பயம் என்று நினைப்பார்கள். வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்து, மருந்து அங்கே போய்ச் சேர்ந்து, அந்த மூன்று மாதத்துக்குள் டி.எச்.டி.யை முடக்கிவிட்டால் பிறக்கும் குழந்தை எப்படி இருக்கும் என்பதை யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. சலீனாஸில் பாவாடை கட்டி வளர்ந்த பிள்ளைகளை மருத்துவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.